டீ கேட்கிறார்

மர அறுவை மில்லில் அவரை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். முதுகுக்குப் பின்னால் வேறு பெயர் இருந்தது. சொலவடை. வாயைத் திறந்தால் ஒரு பழமொழி விழும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது ஒன்று, மரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது ஒன்று, எவனாவது தாமதமாக வந்தால் அவன் தலையில் ஒன்று. அவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லிச் சொல்லி உங்கள் காதைப் புளிக்க வைத்திருப்பார்கள். அதே சரக்குதான்.

ரம்பத்துக்கு அரம் போடுவது என் வேலை. மேஸ்திரி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அதனால் மில்லில் பாதி, வீட்டில் பாதி என்று நாள் முழுக்க அவர் பேச்சைக் கேட்கிற பாக்கியம் எனக்கு மட்டும் வாய்த்திருந்தது.

அவர் பழமொழிகளில் ஒன்றை நான் அதிகம் கேட்டிருக்கிறேன். பட்டை ரம்பத்தில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள குழியில்தான் முதல் விரிசல் விடும். தலைமுடி அளவுகூட இருக்காது. கண்ணுக்குத் தெரியாது, நகத்தை ஓட்டினால் தட்டும். விரிசலின் நுனியில் உளியால் ஒரு புள்ளி அடித்துவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும். அடிக்காமல் விட்டால் ஒருநாள் ஓடுகிற ஓட்டத்தில் ரம்பம் அறுந்து ஆள் உயரத்துக்கு வீசும். எதிரில் யார் நின்றாலும் கதை முடிந்தது. அதனால் தினமும் மோட்டார் போடுவதற்கு முன் மேஸ்திரி என் பட்டறைக்கு வந்து, ரம்பத்தின் குழிகளில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிக்கொண்டே அந்தப் பழமொழியைச் சொல்வார். சின்ன ஓட்டையைச் சின்னதாக இருக்கும்போதே பார்க்காதவனுக்கு என்ன ஆகும் என்பதுதான் அதன் சாரம். நாங்கள் அதற்கு 'ஓட்டை' என்றே பெயர் வைத்திருந்தோம். "ஓட்டை ஆச்சா? மோட்டாரைப் போடலாமா?" என்று மில்லுக்குள்ளிருந்து எவனாவது கத்துவான். எல்லோரும் சிரிப்பார்கள்.

சுற்றுவட்டாரத்தில் எந்த மில்லை எடுத்தாலும் விரல் போனவன் ஒருவனாவது இருப்பான். எங்கள் மில்லில் எல்லோருக்கும் பத்து விரலும் இருந்தன. அதை யாரும் மேஸ்திரியின் வாய்க்கு வரவு வைத்ததில்லை.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் ஒருநாள் ரம்பத்தை நிறுத்திவிட்டுத் திரும்பியவர், அப்படியே மரத்தூள் குவியலில் சாய்ந்தார். தூள் மெத்தென்று இருந்ததால் தலை தப்பியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் கிடந்து, உயிருக்குப் பயமில்லை என்று சொன்ன பிறகு பார்த்தால் பேச்சு போயிருந்தது. தண்ணீர் என்று கேட்க வரவில்லை. சம்சாரத்தின் முகத்தைப் பார்த்து அவள் பெயரைச் சொல்ல முயன்று, "அ... ப... ப..." என்று திணறி, இடது கையால் கட்டிலை அடித்தார். நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். எனக்குத் தாங்கவில்லை.

பிறகுதான் அந்த விசித்திரம் நடந்தது. நர்ஸ் ஊசி போட்டுவிட்டுப் போகும்போது, படுத்திருந்த மனிதர் தெள்ளத் தெளிவாக ஒரு பழமொழியைச் சொன்னார். ஒரு எழுத்து பிசகவில்லை. எல்லோரும் பேச்சு வந்துவிட்டது என்று கட்டிலைச் சூழ்ந்துகொண்டோம். வரவில்லை. மறுபடியும் "அ... ப..." என்றுதான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பழமொழி, முழுசாக.

டாக்டர் பொறுமையான மனுஷர். மேஸ்திரி சம்சாரத்தை உட்காரவைத்து விளக்கினார்.

"இது சில பேருக்கு நடக்கும்மா. நாமளா யோசிச்சுப் பேசுற பேச்சு ஒரு பக்கம் இருக்கு. சின்ன வயசுலேர்ந்து நாக்குல பழகிப்போனது வேற பக்கம். பாட்டு, எண்ணிக்கை, சில பேருக்குக் கெட்ட வார்த்தைகூட. அது தப்பிச்சு நிக்கும். உங்க வீட்டுக்காரருக்கு இது நின்னிருக்கு."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதத்தான் சார் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள் அண்ணி. "இது போயி மத்தது நின்னிருக்கக் கூடாதா?"

டாக்டர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

மேஸ்திரி எனக்கு அண்ணன் முறை வைத்துப் பழகியவர். அதனால் அவர் சம்சாரம் எனக்கு அண்ணி. அவர்களுக்கு ஒரே மகன், அதே மில்லில் ரம்பத்துக்கு மறுபக்கம் நின்று பலகையை இழுக்கிறவன். அப்பா விழுந்த பிறகு அவருடைய இடத்தில் அவனே நின்று மரம் தள்ளினான். மருமகள் துணி மில்லில் வேலை பார்ப்பவள். மேசைமேல் ஓடி வருகிற துணியில் இழை விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்துக் குறி போடுவது அவள் வேலை. வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத பெண். அவள் பிறந்த வீட்டில் யாரும் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னல் ஓரத்தில் சாய்வு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். விழுந்த கால் தொங்கினால் வீங்குகிறது என்று மகன் மில்லிலிருந்து கழிவுப் பலகைகள் எடுத்துவந்து ஒரு கால்தாங்கி செய்தான். ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்டான். அண்ணி பழைய பெல்ட்டை வைத்து அதில் காலைக் கட்டிவிட்டாள், நழுவாமல் இருக்க. மழையும் குளிருமாக இருந்ததால் கம்பளி சாக்ஸ் போட்டாள். பிறகு அதன்மேல் இன்னொன்று.

பழமொழி பேசுகிற மனிதரை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது எப்படி என்று அந்த வீடு மெல்ல மெல்லப் பழகியது. அவர் ஏதாவது சொல்வார். இவர்கள் ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்ப்பார்கள். தலையாட்டினால் சரி. கிணறு வருகிற ஒன்றைச் சொன்னால் தண்ணீர். நிழல் வருகிறதைச் சொன்னால் ஜன்னல் கதவைச் சாத்த வேண்டும். ராஜா வருகிற ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னால் அண்ணி மூத்திரப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடுவாள்.

"ராஜா வந்துட்டாரு, எல்லாரும் வெளிய போங்க" என்பாள். மேஸ்திரியே இழுத்த வாயால் சிரிப்பார்.

ஓட்டைக்கு டீ. அது எப்படி முடிவானது என்பதை அண்ணி என்னிடம் பெருமையாகவே சொன்னாள்.

"வீட்டுக்கு வந்த முதல் வாரம் தம்பி. நல்ல மழை. இவரு மேல பாத்துக்கிட்டே அந்த ஓட்டைய சொல்றாரு. சொல்றாரு சொல்றாரு, நிறுத்தல. எனக்கு ஒண்ணும் புரியல. கையில டீ வெச்சிருந்தேன். இந்தாங்கன்னு குடுத்தேன். குடிச்சாரு, பேசாம இருந்துட்டாரு. அப்பறந்தான் விளங்குச்சு, மனுஷனுக்கு டீ கேக்கத் தெரியலன்னு."

"மில்லுலயும் அதச் சொல்லிட்டுத்தானே டீ குடிப்பாரு" என்றேன். அதுவும் உண்மைதான்.

"பாத்தீங்களா. அதான்."

சர்க்கரை இல்லாத டீதான் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அவருக்கு அந்த வியாதி முன்பே உண்டு. முகத்தைச் சுளித்தார் என்பதற்காக அண்ணி ஒரு ஸ்பூன் போட்டாள். வாயிருந்தால் திட்டியாவது கேட்பார், பாவம், என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மகனுக்குத்தான் இதெல்லாம் பிடிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து எதைக் கேட்டாலும் அப்பாவிடமிருந்து பழமொழிதான் பதிலாக வந்தது என்பது அவனுடைய பழைய புகார். சைக்கிள் கேட்டால் ஒன்று, வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறேன் என்றால் ஒன்று.

"எங்க அப்பா என்கிட்ட தனியா ஒரு வார்த்தை பேசினதில்ல சித்தப்பா" என்றான் ஒருநாள், மில்லில் மரத்தூளை வாரிக் கொட்டிக்கொண்டே. "எல்லாம் யாரோ எப்பவோ சொன்னதுதான். இப்ப அதுவும் இல்லாம வெறும் டேப் ரெக்கார்டர் மாதிரி ஆயிட்டாரு. உள்ள ஆள் இருக்காரா இல்லையான்னே தெரியல."

"இருக்காருடா. கண்ணப் பாத்தா தெரியல?"

"கண்ணப் பாக்கத்தான் பயமா இருக்கு."

அவனைக் குறை சொல்ல முடியாது. பகல் முழுக்க ஈர மரம் தள்ளிவிட்டு வருகிறவன். ஈர மரம் கனம். ரம்பத்தில் சிக்கும், தோளைப் பிடுங்கும். வீட்டுக்கு வந்தால் ஈரத்துணி நாற்றம், பாத்திர நாற்றம், கொசுவுக்காக மூட்டிய மரத்தூள் புகை. இதற்கு நடுவே அப்பா, சொன்னதையே சொல்லிக்கொண்டு.

அந்த மழை விடுவதாக இல்லை. நனைந்த மரத்தூள் கால் வைத்தால் புதைந்தது. தகரக் கூரைமேல் இரைச்சல் ஓயவேயில்லை, பக்கத்து வீட்டுப் பேச்சு எனக்குப் பாதிதான் கேட்டது. ஆனால் மேஸ்திரியின் குரல் மட்டும் சுவரைத் தாண்டி வந்தது. ஓட்டை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஓட்டை. ஸ்டவ் பற்றவைக்கிற சத்தம். டம்ளர் வைக்கிற சத்தம். பிறகு மறுபடியும்.

"என்ன அண்ணி, அண்ணன் டீயாலயே குளிக்கிறாரா?" என்று வாசலில் நின்று கேட்டேன்.

"அத ஏன் கேக்குறீங்க. பால் வாங்கி மாளல. குடுத்தா ரெண்டு வாய் குடிக்கிறாரு, திரும்ப ஆரம்பிச்சிடுறாரு. நேத்து டம்ளரத் தட்டி விட்டுட்டாரு. கோவம். கொஞ்சம் ஜுரம் வேற. இந்தக் குளிருக்கு யாருக்குத்தான் இல்ல."

"டாக்டர்கிட்ட காட்டலாமில்ல?"

"இந்த மழையில இவர எப்படித் தூக்கிட்டுப் போறது? மழை விடட்டும்."

குளிப்பாட்டுவதை நிறுத்தியிருந்தாள். வெந்நீரில் துணியை நனைத்து முகம், கழுத்து, மார்பு துடைத்துவிடுவதோடு சரி. குனிந்து நிமிர அவள் இடுப்பும் இடம் கொடுக்கவில்லை. காலில் சாக்ஸ் இருந்தது. கால் சூடாக இருக்கிறது என்று மேலாகத் தொட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். மகனும் மருமகளும் வீட்டில் இருந்தார்கள். மோட்டாருக்கு பெல்ட் மாற்றுவது பற்றிப் பேச நான் போயிருந்தேன். தரையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மகனின் தட்டில் கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அவன் தட்டை நகர்த்தினான். இன்னொரு சொட்டு, அவன் கழுத்தில். எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். கூரைக்கு அடியில் அடித்திருந்த பலகை வட்டமாகக் கறுத்து, ஊறி, நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. மகன் எழுந்து விரலால் குத்தினான். விரல் உள்ளே போனது. சாக்குத் துண்டு கிழிவதுபோல ஒரு பெரிய சில் பெயர்ந்து, தேங்கியிருந்த தண்ணீரோடு கஞ்சிப் பாத்திரத்தின் மேலேயே விழுந்தது.

"போச்சு. பலகை மொத்தமும் போச்சு" என்றான் மகன். "இது எத்தன நாளா ஊறியிருக்கு? ஒருத்தர் கண்ணுலயும் படலயா?"

"எனக்கு அண்ணாந்து பாக்கத்தான் நேரமிருக்காக்கும்?" என்றாள் அண்ணி.

துடைக்கத் துணி எடுத்த மருமகள் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். ஓட்டையையும், ஜன்னலோரத்து நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அத்த, மாமா வீட்டுக்கு வந்த வாரம் மேல பாத்துக்கிட்டே சொன்னாருன்னு சொன்னீங்கல்ல. எங்க பாத்தாரு?"

"எங்க பாத்தாரு, மேலதான் பாத்தாரு. ஏன்?"

"இந்தப் பலகையவா?"

அண்ணி மறுபடியும் அண்ணாந்து பார்த்தாள். அந்தச் சமயம் மேஸ்திரி பேசினார். அதே ஓட்டை. முழுசாக, நிதானமாக, என் பட்டறையில் நகத்தை ஓட்டிக்கொண்டு சொல்கிற அதே குரலில்.

"டீ வைக்கிறேங்க. இருங்க, இத வாரிப் போட்டுட்டு" என்று அண்ணி எழப்போனாள்.

"வேண்டாம் அத்த" என்றாள் அந்தப் பெண். "மாமா டீ கேக்கல."

"பின்ன என்ன கேக்குறாரு?"

"எதுவும் கேக்கல. சொல்றாரு. அவர் என்ன சொல்றாரோ அதத்தான் சொல்றாரு. நாமதான் கேக்கல."

மகனுக்குக் கோபம் வந்தது. "நீ வேற ஆரம்பிக்காத. இதுக்கெல்லாம் ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சுக்கிட்டு. மூளையில அடி. வாய்க்கு வந்தது வருது."

"வாய்க்கு வந்தது வரலங்க. ராஜான்னு சொன்னா பாத்திரம் கேக்குறாருன்னு நாம வெச்சோம். இது அவரா சொல்றது. இப்ப எங்க பாக்குறாரு பாருங்க. மேல ஓட்ட விழுந்திருக்கு, அவர் மேல பாக்கவே இல்ல."

நான் பார்த்தேன். மேஸ்திரி கீழே பார்த்துக்கொண்டிருந்தார், கால்தாங்கியை.

அவள் போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பெல்ட்டை அவிழ்த்தாள். மேல் சாக்ஸ் வந்தது. உள் சாக்ஸ் வரவில்லை. குதிகாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. "வெந்நீர் குடுங்க" என்றாள். குரல் மாறியிருந்தது. ஊறவைத்து, மெல்ல மெல்ல உரித்தாள். அந்த வீட்டில் அத்தனை நாளும் இருந்த நாற்றங்களில் ஒன்று எங்கிருந்து வந்தது என்று எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. குதிகால் கறுத்திருந்தது. கறுப்பு கணுக்காலைத் தாண்டிக் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது.

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

மேஸ்திரி மருமகளைப் பார்த்தார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. இடது கையை நீட்டி அவள் தலைமேல் வைத்தார். அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் எதுவுமே சொல்லவில்லை.

ஈரச் சாலையில் மில் வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். அதே டாக்டர். காலைப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த பொறுமை போய்விட்டது.

"மரச் சிலாம்பு ஏறியிருக்கு. சர்க்கரை உடம்பு, அசையாத கால். சீழ் எலும்பு வரைக்கும் போயிருக்கு. இவருக்கு வலி பாதியாவது தெரிஞ்சிருக்குமே. ஒண்ணுமே சொல்லலையா?"

கடைசியில் அண்ணிதான் சொன்னாள்.

"சொன்னாரு சார். தெனமும் சொன்னாரு."

"அப்பறம் ஏம்மா?"

"டீ குடுத்தேன்."

டாக்டருக்குப் புரியவில்லை. புரியவைக்க எங்களில் யாருக்கும் தெம்பு இல்லை. அவர் காகிதத்தை எடுத்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் உயிரே போயிருக்கும் என்றார். மகன் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் அவன் என் பட்டறைக்கு அந்தக் கால்தாங்கியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மேல்பக்கம் வழவழவென்று இழைத்திருந்தான். விளிம்பையும் கீழ்ப்பக்கத்தையும் ரம்பத்திலிருந்து வந்தபடியே விட்டிருந்தான். குதிகால் நழுவி அழுந்துகிற விளிம்பில் சிலாம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று முறிந்திருந்தது.

"கண்ணுக்குத் தெரியாத பக்கத்தையும் இழைக்கணும்னு அதுக்கும் ஒண்ணு வெச்சிருந்தாரு" என்றான். "எனக்கு அது நல்லாத் தெரியும் சித்தப்பா. செய்யும்போதே ஞாபகம் வந்துச்சு. வந்துச்சுன்னுதான் வேணும்னே இழைக்காம விட்டேன். கீழ்ப்பக்கத்த யாரு பாக்கப் போறான்னு."

ஆறுதல் சொல்லத்தான் ஆசை. ஆனால் என் வாய்க்கு வந்ததெல்லாம் மேஸ்திரியின் சரக்காகவே இருந்தது. எதற்கும் ஒன்று வைத்திருந்தார் மனுஷன், தப்பு செய்த மகனுக்குச் சொல்லவும்கூட. அதைச் சொல்கிற உரிமை எனக்கு இல்லை என்று பட்டது. பலகையை வாங்கி, என் அரத்தை அவன் கையில் கொடுத்தேன். இனி அதை யாரும் உபயோகிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் அவன் உட்கார்ந்து அந்த விளிம்பை வழவழப்பாகும் வரை தேய்த்தான்.

அறுவை முடிந்து, மயக்கம் தெளிந்து, வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு இரண்டு நாள் மேஸ்திரி வாயே திறக்கவில்லை. கிணறு இல்லை, ராஜா இல்லை. நாங்கள் நாலு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தனை வருஷம் எதை நிறுத்தச் சொன்னோமோ அது வந்தால் போதும் என்று இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் வந்தது. ஓட்டை.

சொல்லி முடிப்பதற்குள் மருமகள் போர்வையை விலக்கிவிட்டாள். மகன் கட்டு நனைந்திருக்கிறதா என்று பார்த்தான். அண்ணி முதுகுக்குக் கீழே கையை விட்டுத் துழாவினாள். நான் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டி வந்தேன்.

"என்ன ஆச்சு?"

"தெரியலம்மா. எங்கயோ ஏதோ இருக்கு. சொல்றாரு" என்றான் மகன். "நல்லாப் பாருங்க. அவர் சும்மா சொல்ல மாட்டாரு."

நர்ஸ் கட்டைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. ஊசி ஏற்றிய இடம், முதுகு, வயிறு, எல்லாம் பார்த்தாள். ஜுரம் இல்லை. மருமகள் இடது கால் சாக்ஸைக் கழற்றி விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மேஸ்திரி மறுபடியும் சொன்னார். மகன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான், அண்ணாந்து கூரையைப் பார்த்தான். வெள்ளையடித்த கூரை, ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை.

"அப்பா, எங்கப்பா? காட்டுங்க. கையாலயாவது காட்டுங்க" என்று அவர் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தான். அப்பாவின் கண்ணை அவன் நேராகப் பார்த்து நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

மேஸ்திரி அவனைத் தாண்டிப் பார்த்தார். அவர் பார்வை போன திசையில் மேசை இருந்தது. மேசைமேல் அண்ணி வீட்டிலிருந்து எங்களுக்காகக் கொண்டுவந்த பிளாஸ்க் இருந்தது.

முதலில் புரிந்தது அண்ணிக்குத்தான். அவள் முகம் கோணியது.

"டீ கேக்குறாருப்பா" என்றாள்.

மேஸ்திரி சம்சாரத்தைப் பார்த்து மூன்றாம் முறையும் சொன்னார், பொறுமையாக, விளங்காத பிள்ளைக்குச் சொல்வதுபோல. நாங்கள் வைத்த அர்த்தத்தை அவர் கற்றுக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் எப்போதோ கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

அண்ணி பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி, ஊதி ஊதி ஆற்றி, அவர் வாயில் வைத்தாள். சர்க்கரை போடாத டீ, இப்போது அந்த வீட்டில் எல்லோருக்கும் அதுதான். முகத்தைச் சுளிக்காமல் குடித்தார். மகன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

மருமகள் மட்டும் அந்த இடது காலை இன்னும் மடியிலிருந்து இறக்கவில்லை. குதிகாலை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, கட்டைவிரல் நகத்தை அதன் விளிம்பு முழுக்க ஒருதரம் மெல்ல ஓட்டிப் பார்த்தாள்.